மடக்குக்கத்தியும் எஃகின் தரமும்

மடக்குக்கத்தி என்பது அலகைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்துக்கொள்ளும்படி அமைந்த சிறு கத்தியாகும். பேனாக்கத்தி, பாக்கெட் கத்தி என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. விலை குறைந்த மடக்குக்கத்திகள் பெரும்பாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும். மற்றொன்று ஒரு வாரத்தில் மழுங்கிவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எஃகின் பெயர் மட்டுமன்று. அதில் உள்ள கரியின் அளவும், அதற்குக் கொடுக்கப்பட்ட சூடும், தோய்ச்சலும் ஆகும். இவ்வுண்மையை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் தென்னிந்திய எஃகுக்கு முக்கிய இடம் உண்டு. எஃகின் தரத்தைத் தீப்பொறியைக் கொண்டு அறியும் பழைய முறைக்கும், விருதுநகர் மாவட்டம் ஆமத்தூர், சிவகாசி வட்டாரத்தின் பட்டாசுத் தொழிலுக்கும் அடிப்படை ஒன்றே.

அமைப்பு

மடக்குக்கத்தியின் முதன்மை உறுப்புகள் நான்கு: அலகு, கைப்பிடி, அலகு சுழலும் ஆணி, அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிக்கும் வில்பட்டை. பிற்காலக் கத்திகள் சிலவற்றில் வில்பட்டைக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ பூட்டு இருக்கும்.

அரிவாளையோ அடுப்படிக் கத்தியையோ செய்வதைவிட மடக்குக்கத்தி செய்வது கடினம். அலகு கூர் தாங்கும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். வில்பட்டையோ ஆயிரம் முறை வளைந்தாலும் ஒடியாமல் நிமிர வேண்டும். ஆகவே ஒரே கத்திக்குள் இரண்டு வகையான பதம் தேவைப்படுகிறது. விலையைக் குறைக்க முற்படும் உற்பத்தியாளர் முதலில் கைவைப்பது வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பதத்தில்தான்.

தொன்மை

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த, எலும்புக் கைப்பிடி கொண்ட மடக்குக்கத்தி கி.மு. 600 முதல் 500 வரையான காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. உரோமானியப் பேரரசின் பல பகுதிகளிலும் மடக்குக்கத்திகள் கிடைத்துள்ளன. ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் சிறிய கத்திக்குப் பேனாக்கத்தி என்ற பெயர் ஏற்பட்டது.

தமிழகத்தில் இதற்கு இணையான கருவி எழுத்தாணியோடு பிறந்தது. ஓலைச்சுவடி எழுதப் பயன்பட்ட எழுத்தாணிகள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகைப்படுத்தப்பட்டன. மடக்கெழுத்தாணியில் எழுதும் ஊசியைக் கைப்பிடிக்குள் மடக்கி வைக்கலாம். ஓலையை வாரிச் சீராக்க உதவும் கத்தியும் அதனுடன் சேர்ந்திருப்பதுண்டு. இறகுப் பேனாவும் பனையோலையும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை. எனினும் எழுதுவோர் தம்முடன் எடுத்துச் செல்லும் கூர்மையான சிறு கருவி மடங்க வேண்டும் என்ற தேவை இரண்டு இடத்திலும் எழுந்துள்ளது.

தென்னிந்திய எஃகு

நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்யப்பட்டதற்கான சான்றுகளை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் வெளியிட்டார். ஐரோப்பியர் 'உட்ஸ்' என்று அழைத்த எஃகு இவ்வகையைச் சேர்ந்தது. உருக்கு என்னும் தமிழ்ச் சொல்லும் உக்கு என்னும் கன்னடச் சொல்லும் அப்பெயருக்கு மூலமாகக் கூறப்படுகின்றன.

சேலம் பகுதியில் எஃகு செய்த முறை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் விவரிக்கப்பட்டுள்ளது. தேனிரும்பைத் துண்டுகளாக வெட்டி, காய்ந்த ஆவாரங்குச்சிகளோடு சிறிய களிமண் மூசையில் இடுவர். மேலே எருக்கு இலை போன்ற பச்சிலைகளை வைத்து, களிமண்ணால் வாயைப் பூசி அடைப்பர். காய்ந்தபின் பல மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவர். ஆவாரங்குச்சியிலும் இலையிலும் இருந்த கரி இரும்புக்குள் ஏறும். அதனால் இரும்பின் உருகுநிலை தாழ்ந்து, அது உருகி ஒரே கட்டியாகும். இவ்வாறு கிடைத்த எஃகில் கரியின் அளவு ஒரு விழுக்காட்டைத் தாண்டியது. சாதாரண இரும்பில் கரி 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும்.

இலண்டனில் ஒரு பேனாக்கத்தி

1794இல் பம்பாயில் இருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட், உட்ஸ் எஃகுக் கட்டிகளை இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் தம் கட்டுரையை 1795இல் வெளியிட்டார். ஆய்வின்போது எஃகை அடித்துப் பார்க்கும் வேலை ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதில் ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்தார். எஃகை அடித்து வடிவுக்குக் கொண்டுவருவது கடினமாக இருந்தபோதும் கூர் சிறப்பாக அமைந்தது. பிற்காலத்தில் தம் கடையின் விளம்பர அட்டையில், பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய உட்ஸையே தாம் விரும்புவதாக ஸ்டோடார்ட் அச்சிட்டிருந்தார்.

கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். 1819இல் உட்ஸைப் பகுத்தாய்ந்த பாரடே, அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணம் என்று கருதினார். அம்முடிவு சரியன்று. ஆயினும் அந்தத் தேடல் எஃகுக் கலவைகளைப் பற்றிய தொடக்க கால அறிவியல் ஆய்வுகளுள் ஒன்றாக அமைந்தது.

கத்திகளுக்குப் பதம் கொடுக்கும் வெப்பநிலை குறித்தும் ஸ்டோடார்ட் பெயரில் ஓர் அட்டவணை பொறியியல் நூல்களில் இடம்பெற்று வந்தது. தோய்த்த எஃகை மீண்டும் மெல்லச் சூடாக்கினால் அதன் மேற்பரப்பு வெளிர் மஞ்சளாகவும், பின்பு அடர் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்றும் நிறம் மாறும். சவரக்கத்திக்குச் சுமார் 232 பாகை செல்சியசும், பேனாக்கத்திக்குச் சுமார் 243 பாகையும், வில்பட்டைகளுக்கு நீல நிறம் தோன்றும் சுமார் 290 பாகையும் ஏற்றவை. பத்துப் பன்னிரண்டு பாகை வேறுபாடு ஒரு கருவியின் தன்மையையே மாற்றிவிடும் என்பதை இந்த அட்டவணை காட்டுகிறது.

பறங்கிப்பேட்டையும் செஃபீல்டும்

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரம் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு வேண்டி மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டறிந்தார். அது அடிக்க முடியாத அளவு கடினமானது என்று உள்ளூர்க் கத்தித் தொழிலாளர்கள் முதலில் வாங்க மறுத்தனர்.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் பறங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பு ஆலையைத் தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாது அதற்குப் பயன்பட்டது. உலைகளுக்கு மரக்கரி ஏராளமாகத் தேவைப்பட்டது. கரிக்காகக் காடுகள் அழிந்தன. தாதுவையும் கரியையும் நெடுந்தொலைவு கொண்டுவரும் செலவு கூடியது. நிறுவனம் கைமாறியும் நட்டம் தீரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆலை மூடப்பட்டது.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், உருகிய எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். இம்முறையால் விலை குறைந்த இரும்பிலிருந்தும் நல்ல கத்தி எஃகைச் செய்ய முடிந்தது. செஃபீல்டில் எஃகின் விலை இறங்கியது. ஹீத் காப்புரிமை வழக்குகளில் சிக்கினார். அவர் கண்டுபிடிப்பால் பிறர் செல்வந்தராயினர். ஆலை எஃகு மலிவாக வந்து இறங்கியதும், ஒவ்வொரு கட்டியாக மூசையில் எஃகு செய்த தமிழகத்து உலைகள் அதனுடன் போட்டியிட முடியாமல் அணைந்தன. தென்னிந்திய எஃகில் பேனாக்கத்தி செய்து வியந்த நாட்டிலிருந்தே பேனாக்கத்திகள் இந்தியக் கடைகளுக்கு வரும் நிலை ஏற்பட்டது.

முத்திரையும் போலியும்

செஃபீல்டின் பெயர் பரவியபின் அப்பெயரைத் தாங்கிய போலிக் கத்திகளும் பெருகின. ஜெர்மனியில் செய்த மலிவுக் கத்திகளில் செஃபீல்டு முத்திரை இடப்படுவதாக எழுந்த முறையீடுகள், பிரிட்டனில் 1887இல் வணிக முத்திரைச் சட்டம் இயற்றப்பட ஒரு காரணமாயின. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற நிலை இதனால் உருவானது. இந்தியாவிலும் 1889இல் வணிக முத்திரைச் சட்டம் வந்தது. போலி என்று பழிக்கப்பட்ட ஜெர்மன் கத்திகளின் தரம் பின்னர் உயர்ந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் தன் பெயரையே பிறர் போலி செய்யாமல் காக்க 1938இல் ஒரு சட்டம் பெற்றது.

இன்றும் இச்சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது. பழைய உட்ஸ் எஃகின் நீரலை போன்ற கோலம் உலோகத்தின் உள்ளமைப்பால் வருவது. மலிவுக் கத்திகள் சிலவற்றில் அக்கோலம் மேற்பரப்பில் மட்டும் பொறிக்கப்படுகிறது. தேய்த்தால் அது மறையும். கூரோடு அதற்குத் தொடர்பில்லை.

வெட்டாத கத்தி

1913இல் செஃபீல்டில் ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்த துருவேறா எஃகை உருவாக்கினார். அதில் கத்தி செய்து பார்த்தவர்கள் அது கூர் நிற்கவில்லை என்றனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லி கேலி செய்யப்பட்டார். குறை எஃகில் இல்லை. சாதாரண எஃகைக் காய்ச்சும் அதே சூட்டில் இதையும் காய்ச்சியதுதான் தவறு. கத்தித் தொழிலில் மேலாளராக இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் சில முயற்சிகளுக்குப்பின் சரியான சூட்டைக் கண்டறிந்தார். அதே எஃகு நல்ல கத்தியாயிற்று.

மலிவு மடக்குக்கத்தியும் தரமாக இருக்க முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய கத்தி, மரக் கைப்பிடியும் எளிய அலகும் கொண்ட உழவர் கருவி. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891இல் இராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். இவ்விரு கத்திகளிலும் அரிய எஃகு எதுவும் இல்லை. எளிய எஃகுக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் ஒரே பதம் கொடுப்பதே அவற்றின் பலம்.

கொல்லுப்பட்டறைச் சோதனைகள்

விருதுநகருக்கு அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். தமிழகத்துக் கொல்லர் பலர் இன்று எஃகுக்காக நாடுவது பழைய லாரிப் பட்டையை. லாரியின் அடியில் சுமை தாங்கும் அந்த வில்பட்டையில் கரி ஏறத்தாழ 0.6 விழுக்காடு இருக்கும். அடி தாங்கும் அரிவாளுக்கு இது பொருத்தமானது. இயந்திரமோ ஆய்வுச் சான்றிதழோ இல்லாத பட்டறைகளில் எஃகை அறியும் வழிகள் பின்வருமாறு:

ஒலி: தோய்ச்சல் ஏறிய அலகைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி உடையும். மடக்குக்கத்தி முழுதாகக் கோக்கப்பட்டபின் இச்சோதனை பயன்படாது.

அரம்: நன்கு கடினமான எஃகில் அரம் வழுக்கும்; மெத்தென்ற எஃகில் பற்றி அறுக்கும்.

முறிவு: உடைந்த துண்டின் முகம் நுண்மணலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சூடு சரியாக இருந்தது எனலாம். சர்க்கரை போலப் பருமணியாக மின்னினால் எஃகு அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது.

தீப்பொறி: சாணைக்கல்லில் பிடிக்கும்போது கரி குறைந்த இரும்பு கிளையில்லாத நீண்ட கோடுகளாகப் பொறி விடும். கரி மிகுந்த எஃகின் பொறிகள் நுனியில் பூவாக வெடித்துக் கிளைக்கும். குரோமியம் மிகுந்த எஃகின் பொறிகள் குட்டையாகவும் மங்கலாகவும் இருக்கும்.

தீப்பொறியும் பட்டாசும்

ஆமத்தூர், விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ள ஊர். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, அதைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்த மானாவாரி நிலப்பகுதி இது. இங்கு செய்யப்படும் கம்பி மத்தாப்பில் இரும்புத்தூள் ஒரு முக்கியப் பொருள். எரியும் தூளின் ஒவ்வொரு துகளும் காற்றில் பறக்கும்போது அதிலுள்ள கரி உயிர்வளியுடன் சேர்ந்து வாயுவாகிறது. அவ்வாயு உருகிய துளியை உள்ளிருந்து சிதறடிக்கும். மத்தாப்பின் நட்சத்திரப் பூக்கள் இப்படித்தான் தோன்றுகின்றன. கரியில்லாத இரும்பில் அந்தப் பூ விரியாது. சாணைக்கல்லில் கொல்லர் பார்க்கும் பொறியும், தீபாவளியன்று குழந்தையின் கையில் விரியும் பூவும் ஒரே வேதிவினையின் இரு வடிவங்கள்.

இதே பொறி பட்டாசு ஆலைக்குள் உயிரைக் குடிக்கும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் அமைந்த 2008ஆம் ஆண்டின் விதிகள், வெடிமருந்தைக் கையாளும் இடத்தில் மரம், செம்பு, பித்தளை முதலியவற்றால் ஆன கருவிகளையே அனுமதிக்கின்றன. இரும்பும் எஃகும் உரசிப் பொறி கிளப்பக்கூடும் என்பதே காரணம். ஆகவே எஃகு எவ்வளவு உயர்ந்ததாயினும் இடுப்பில் செருகிய மடக்குக்கத்தி மருந்து அறைக்குள் போகக்கூடாத பொருள். கூர் நிற்காத பித்தளைக் கத்திதான் அங்கு மதிப்புள்ள கத்தி.

மலிவுக் கத்திகளை மதிப்பிடல்

விருதுநகர், சிவகாசி கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் கிடைக்கும் மலிவு மடக்குக்கத்திகளில் சீனத் தயாரிப்புகள் மிகுதி. அவற்றின் அலகில் பொறித்த குறியீடுகளைப் படிப்பது எளிது. '3சிஆர்13' என்பதில் முதல் எண் 0.3 விழுக்காட்டுக் கரியையும், கடைசி எண் 13 விழுக்காட்டுக் குரோமியத்தையும் குறிக்கும். இவ்வகை எஃகு எளிதில் துருப்பிடிக்காது, எளிதில் தீட்டலாம், ஆனால் விரைவில் மழுங்கும். '5சிஆர்15' வகை நடுத்தரமானது. '8சிஆர்13' வகையில் கரி 0.8 விழுக்காடு என்பதால் கூர் நெடுநேரம் நிற்கும். 'டி2' என்பது ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரியும் 12 விழுக்காடு குரோமியமும் கொண்ட கருவி எஃகு. கூர் நன்கு நிற்கும், தீட்டுவது கடினம், ஈரத்தில் விட்டால் கறை பிடிக்கும்.

குரோமியம் சேராத கரி எஃகு அலகு மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் கருத்துவிடும். அது பழுதன்று. துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் போதும். மறுபுறம், வீட்டுப் பாத்திரங்கள் செய்யப் பெரிதும் பயன்படும் எவர்சில்வர் வகையைத் தோய்ச்சலால் கடினமாக்க முடியாது. காந்தம் அலகைச் சற்றும் இழுக்கவில்லை என்றால் அது அவ்வகை உலோகமாக இருக்கக்கூடும். கத்திக்கு அது ஏற்றதன்று. காந்தம் இழுப்பதால் மட்டும் எஃகு நல்லதென்று ஆகாது.

குறியீடு கரியின் அளவைச் சொல்லும், சூட்டைச் சொல்லாது. பதத்தை அளக்கும் எண் ராக்வெல் கடினத்தன்மை ஆகும். 1919இல் காப்புரிமை பெற்ற இச்சோதனையில் கூரிய வைரக்கூம்பை எஃகில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பர். அன்றாடக் கத்திக்கு 55 முதல் 60 வரையான அளவு பொருத்தமானது. 52ஐ ஒட்டியிருந்தால் கூர் மடங்கும்; 60ஐக் கடந்தால் எளிய எஃகில் கூர் உதிரத் தொடங்கும். இந்த எண்ணை வெளியிட்டு அதற்குப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளரின் எளிய எஃகு, பெயர் மட்டும் பொறித்த உயர் எஃகைவிட நம்பத்தக்கது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. கத்தியை நன்கு தீட்டி, அட்டைப்பெட்டியையோ தேங்காய்நார்க் கயிற்றையோ தொடர்ந்து அறுத்துவிட்டு, தாள் ஒன்றை வெட்டிப் பார்க்கலாம். கூர் ஒருபக்கம் மடங்கியிருந்தால் எஃகு மெத்தென்றது; பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் பதம் போதவில்லை. ஆனால் கடையில் வந்த கூரை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆலைச் சாணையில் கூர் சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை தீட்டியபின் உள்ளிருக்கும் நல்ல எஃகு வெளிப்படுவதுண்டு.

மடக்குக்கத்தியில் எஃகுக்கு முன்பே பார்க்க வேண்டியது இணைப்பு. திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. மூடும்போது அலகு நடுவில் இறங்க வேண்டும். பூட்டு உள்ள கத்தியில் அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்தினால் பூட்டு நழுவக்கூடாது. மழுங்கிய அலகைத் தீட்டிக்கொள்ளலாம். நழுவும் பூட்டு விரலை வெட்டும்.

சட்டநிலை

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்றே செய்யப்பட்டவை அதில் அடங்கா. மடக்குக்கத்திக்குப் பெயர் பெற்ற உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் நீண்ட அலகுகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு அத்தொழிலைச் சுருங்கச் செய்தது. பேனாக்கத்தி அளவிலான சிறு மடக்குக்கத்திகள் மேற்கண்ட அளவுக்குள் அடங்குவன. எனினும் விமானப் பயணியின் கைப்பையிலும், பாதுகாப்புச் சோதனை உள்ள பல இடங்களிலும் அவற்றுக்கு அனுமதி இல்லை.